ஞாயிறு வரை தாங்குமா

அந்தக் கண்மாய் மீன்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வரை உயிரோடு இருந்திருக்குமா? மதுரையிலிருந்து திரும்பி மாதங்கள் ஆகிவிட்டன. மகளைத் தூங்கவைக்கும்போதும், பால் பொங்கிவிடுமோ என்று அடுப்பருகே காத்து நிற்கும்போதும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பதில் தெரிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் கோவையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பது என் வேலை. பிரசவ விடுப்பு முடிந்தபின் எனக்கு வந்த முதல் வெளியூர்ப் பயணம் இது. மதுரைக்கு மேற்கே ஒரு கண்மாயில் கோடைத் தண்ணீரை நான்கு நாள் அளந்து வர வேண்டும். போக வேண்டிய பேராசிரியருக்கு முதுகுவலி. கணவருக்கு அலுவலகத்தில் தணிக்கை. ஒன்றரை வயது இனியாவைத் தூக்கிக்கொண்டு நானே கிளம்பினேன். இன்னொரு கையில் கருவிப் பெட்டி.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைமுடி அளவே உள்ள கண்ணாடி இழை ஒன்று ஊசிக்குள் ஒளிந்திருக்கும். இழையின் நுனியில் ஒரு சாயம் பூசியிருக்கிறது. மறுமுனையிலிருந்து நீல ஒளியை அனுப்பினால் அந்தச் சாயம் சிவப்பாக ஒளிரும். சுற்றிலும் ஆக்சிஜன் நிறைய இருந்தால் அந்தச் சிவப்பு சட்டென்று அணைந்துவிடும். ஆக்சிஜன் குறையக் குறைய அது அணையத் தாமதமாகும். கண்ணிமைக்கும் நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் அந்தத் தாமதம். அதைக் கணக்கிட்டுக் கருவி ஓர் எண்ணைக் காட்டும். பெரிய கருவிகளைச் சேற்றருகே இறக்கினால் தண்ணீரே கலங்கிப்போகும். இந்த இழையை நூலளவு நூலளவாக இறக்கி, எந்த ஆழத்தில் மூச்சு இருக்கிறது, எந்த ஆழத்தில் இல்லை என்று பார்க்கலாம்.

இனியா பிறந்தபோது அவள் பாதத்திலும் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டியிருந்தார்கள். அதுவும் ஒளியால் ஆக்சிஜனை அளப்பதுதான். குறித்த நாளுக்கு முன்பே அவளை வெளியே எடுத்துவிட்டார்கள். என் வயிற்றில் கட்டிய கருவியில் அவள் துடிப்பு இறங்குகிறது, இனிப் பொறுக்க வேண்டாம் என்றார் மருத்துவர். பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன், இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. “இப்ப நல்லா இருக்காளல்ல, அதை மட்டும் பாருங்க” என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

புதன்கிழமை மதியம் மதுரையில் இறங்கினோம். வெயில் தார்ச்சாலையிலிருந்து எழுந்து முகத்தில் அடித்தது. கோவையில் இந்த மாதத்தில் மாலையானால் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு காற்று வரும். இங்கே காற்று என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

சிம்மக்கல் போகும் டவுன் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. உட்கார்ந்திருந்த ஒரு பெண் இரண்டு கைகளையும் நீட்டி, “பிள்ளையவாச்சும் குடு, இல்ல பொட்டியவாச்சும் குடு, ரெண்டையும் வச்சுக்கிட்டு எங்கிட்டு நிப்ப?” என்றாள். யோசிக்காமல் இனியாவைக் கொடுத்துவிட்டேன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். முன்பின் தெரியாதவள் மடியில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் காப்பாற்றும் தாய் எப்படிப்பட்டவள் என்ற எண்ணம் அடுத்த நிறுத்தத்திற்குள் வந்துவிட்டது. இனியா அந்தப் பெண்ணின் வளையல்களை எண்ணுவதுபோல் தொட்டுத்தொட்டுப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். நான்தான் ஒரு வேகத்தடையில் கம்பியில் போய் மோதினேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது கொண்டுவந்த இரண்டு இழைகளில் ஒன்று நுனி ஒடிந்து கிடந்தது. ஓர் இழை சொல்வது சரியா என்று மற்றதை வைத்துத்தான் சரிபார்ப்போம். இனி எனக்கு ஒரே ஒரு சாட்சி.

தங்கியது உடன் வேலை பார்க்கும் தோழியின் அக்கா மோகனா வீட்டில், சிம்மக்கல் அருகே ஒரு சந்தில். சௌராஷ்டிரக் குடும்பம். மோகனா மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். அந்த வாரம் எனக்காக விடுப்பு எடுத்திருந்தார். கருவியைச் சரிப்படுத்த இரண்டு தண்ணீர் வேண்டும்: காற்றோடு நன்றாகக் குலுக்கிய தண்ணீர் ஒன்று, ஆக்சிஜனே இல்லாத தண்ணீர் ஒன்று. இரண்டாவதற்கு ஒரு பொடியைக் கரைக்க வேண்டும். பொடி டப்பாவை இனியாவுக்கு மட்டுமல்ல, எனக்கே எட்டாத பரணில் வைக்கச் சொன்னேன். வைத்த பிறகும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

புளிச்சோறும் முள்முருங்கை வடையும் போட்டார்கள். நான் சாப்பிடும்போது மோகனாவின் கணவர் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். மோகனா சிரித்ததில் அது என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது. கேட்டதும் மறைக்காமல் தமிழில் சொன்னார்: இந்தப் பெண் குழந்தையைவிடப் பெட்டியைத்தான் அதிகம் எட்டிப் பார்க்கிறது என்றாராம். நானும் சிரித்தேன். பிறகு அன்று முழுவதும் பெட்டி இருந்த பக்கம் திரும்பாமல் இருக்கப் பாடுபட்டேன்.

வியாழக்கிழமை விடியுமுன் மோகனா சொல்லிவைத்திருந்த ஆட்டோக்காரர் செல்வம் வந்தார். இனியா மோகனாவின் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த சூடான பால். எங்கள் ஊரில் இது கிடையாது என்றேன். செல்வம், “அப்ப காலையில என்னத்தத்தேன் குடிப்பீக?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

சமயநல்லூரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கரைமேல் ஏறியதும் கண்மாய் தெரிந்தது. பெரிய கண்மாய்தான். ஆனால் தண்ணீர் நடுவில் ஒதுங்கி, முழங்கால் முதல் இடுப்பு வரைதான் கிடந்தது. பாலில் டிகாஷன் குறைவாகக் கலந்த நிறம். சுற்றிலும் வெடித்த சேறு, அதற்கு அப்பால் கருவேல மரங்கள்.

மடையருகே ஒரு பெண் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். பெயர் பாண்டியம்மாள். ஐம்பது வயதிருக்கும். அந்த ஊரில் கோடைத் தண்ணீர் இறங்கியதும் மீன்பிடி நாள் குறிப்பார்கள். அன்று காலை மடைக் கருப்பனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, பாசன சங்கத் தலைவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதன்பிறகுதான் யாரும் மீன்பிடிக்கத் தண்ணீரில் கால் வைக்கலாம். உள்ளூர், வெளியூர் எல்லோரும் இறங்கலாம். பிடித்ததை விற்கக் கூடாது. அன்றைக்கே சமைத்து அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். துண்டு வீசும்வரை ஒரு வீடு மாற்றி ஒரு வீடு கண்மாயைக் காவல் காக்கும். அந்த வாரம் பாண்டியம்மாள் வீட்டு முறை. நாள் ஞாயிற்றுக்கிழமை என்று குறித்திருந்தார்கள்.

இழையின் நுனியில் வெயில் பட்டால் சாயம் வெளுத்துவிடும். ஊசிக்குமேல் குடை பிடிக்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். முழங்கால் சேற்றில் என் பக்கத்தில் நின்று பிடித்தார். “சாமிக்குத்தேன் குடை புடிப்பாக. நீ ஊசிக்குப் புடிக்கச் சொல்ற” என்றார். என்மேல் வெயில் அடிக்கிறதே என்று குடையைச் சற்றே நகர்த்தினார். நான் மறுபடி ஊசிக்கு நகர்த்தினேன். இதே வேலையாக ஒரு மணி நேரம் போயிற்று.

சேற்றை ஒட்டி இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஆக்சிஜன் இல்லவே இல்லை. அதற்கு மேலே இருந்ததும் குறைவு. விடியற்காலையில் எந்தக் குளத்திலும் குறைவாகத்தான் இருக்கும். பகலில் வெளிச்சம் பட்டு ஏறும். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை செய்தபடியே பாண்டியம்மாள் தன் மகளைப் பற்றிச் சொன்னார். மகள் தனம் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளையும் அவளும் அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு காதுகுத்தில் மாப்பிள்ளைக்கு மரியாதை குறைந்துவிட்டதென்று பேச்சு வளர்ந்து, போக்குவரத்தே நின்றுவிட்டது. யார் மேல் தப்பு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பேரனைப் போனில்தான் பார்க்கிறாராம். இந்த ஞாயிறு மூவரும் வருகிறார்கள். மீன்பிடி நாளில் பிறந்த ஊருக்கு வரும் பெண்ணுக்குத் தாய்வீட்டார் பிடிக்கும் முதல் மீனைக் கொடுப்பது வழக்கம். அதற்கென்று தனியாக அழைப்பு வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம்.

“மாப்ள வாறதுக்கு ஒரு சாக்கு வேணும்ல தாயி. கண்மாய்தேன் சாக்கு” என்றார்.

மாலையில் இனியா வெக்கை தாங்காமல் அழுததால், மோகனாவையும் ஏற்றிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போகலாம் என்றார் செல்வம். மலையடிவாரத்துத் தாமரைக் குளத்தருகே ஆலமர நிழல் குளிர்ந்திருந்தது. மலைமேல் சமணர் படுக்கைகள் இருக்கின்றன. குழந்தையோடு ஏறப் பயந்து நான் கீழேயே நின்றுவிட்டேன். குளத்தில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இனியா அவற்றைப் பார்த்துத் தானும் வாயைத் திறந்து மூடினாள். மோகனா கைதட்டிச் சிரித்தார். நான் அவள் உதடு நீலமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எப்போதும் இருப்பதில்லை. ஆனாலும் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் வானம் மூடியிருந்தது. முந்தைய நாள் பிற்பகலிலிருந்தே அப்படித்தான், காற்றும் இல்லை. இழையை இறக்கினேன். ஆக்சிஜன் இல்லாத அடுக்கு முந்தைய நாள் இரண்டு விரற்கடை. இன்று ஒரு சாண் தாண்டியும் எண் பூஜ்ஜியத்திலேயே நின்றது. அதற்கு மேலிருந்த தண்ணீரிலும் நேற்று இருந்ததில் பாதிதான். சேறு கீழிருந்து மூச்சைக் குடித்துக்கொண்டே மேலேறி வந்துகொண்டிருந்தது. மீன்களெல்லாம் அந்த மேல் தண்ணீரில் கூடியிருந்தன. கண்மாய் முழுக்க மழைத்துளி விழுந்ததுபோல் சின்னச் சின்ன வட்டங்கள். மழை இல்லை. அவை மீன்களின் வாய்கள்.

உடனே எனக்குக் கருவி மேல் சந்தேகம் வந்தது. கரையேறி, குலுக்கிய தண்ணீர் பாட்டிலில் இழையை விட்டுப் பார்த்தேன். நூறு காட்ட வேண்டிய இடத்தில் கொஞ்சம் குறைத்துக் காட்டியது. நான் சரியாகக் குலுக்கவில்லையா? வெப்பநிலைக் கம்பியைச் சேர்த்து வைக்க மறந்தேனா? புதன்கிழமை அந்த மோதலில் இந்த இழைக்கும் ஏதாவது ஆகியிருக்குமா? மற்ற இழை இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பேராசிரியரைப் போனில் பிடித்தேன். ஓர் இழையை வைத்து எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது, நாம் அளக்க வந்தவர்கள், ஆலோசனை சொல்ல வரவில்லை, எழுதி மட்டும் கொண்டு வாருங்கள் என்றார். அவர் சொன்னது சரி. நானும் சரி என்றுதான் வைத்தேன்.

அதற்குள் பாசன சங்கத் தலைவர் ராசு அண்ணன் வண்டியில் வந்துவிட்டார். கூடவே நாலைந்து பேர். மீன் மேலே வருவது ஒன்றும் புதிதில்லை, எந்தக் கோடையிலும் வரும் என்றார் ஒருவர். நாலு வருடம் முன்பு இப்படித்தான் மேலே வந்து ஒரே விடியலில் அம்புட்டும் மிதந்தது, ஆடு மாடு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது என்றார் இன்னொருவர். விராலும் கெளுத்தியும் தாங்கும், கெண்டை வகை எல்லாம் போய்விடும் என்றார் ராசு அண்ணன். பேசிப் பேசிக் கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீதேன் மிஷினு வச்சிருக்க. எங்களுக்கு வாயைப் பாத்து வயித்தச் சொல்லத் தெரியாதும்மா” என்றார் ராசு அண்ணன்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். இன்றைக்கு வெயில் வந்தால் ஏறலாம். வராவிட்டால் இறங்கலாம். காற்றடித்தால் ஒரு மாதிரி, மழை பெய்தால் ஒரு மாதிரி. கருவியிலும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறதுங்க என்றேன். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் நான் ‘ங்க’ போடுவதைக் கேட்டு ஓர் இளைஞன், “மாப்ள, மரியாதையெல்லாம் பலமா இருக்கு, வெவரந்தேன் ஒண்ணும் வரல” என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். சிலர் சிரித்தார்கள். அவன் சொன்னது தப்பில்லை.

பாண்டியம்மாள் சிரிக்கவில்லை. குடையை மடக்கிக் கையில் வைத்திருந்தார். என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“தாயி, ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்குமா? அத மட்டும் சொல்லு.”

தெரியவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண்மாயைப் பார்த்தேன். அந்த வட்டங்கள். “தாங்காதுங்க” என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. “சரி” என்றார். அந்த ‘சரி’க்குப் பின்னால் ராசு அண்ணனுக்கு வேறு பேச்சே தேவைப்படவில்லை. கோயில் மைக்கில் சொன்னார்கள், வாட்ஸ்அப்பில் போட்டார்கள்: நாளை சனிக்கிழமை காலையே துண்டு வீசப்படும்.

திரும்பும் வழியில் செல்வம் ஆட்டோவை நிறுத்தி டீ வாங்கித் தந்தார். திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பள நாள், அன்றைக்கு யாருக்கும் லீவு கிடைக்காது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பாண்டியம்மாளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் என்னிடம் கேட்டிருக்கிறார்.

கணவரிடம் போனில் சொன்னேன். “தாங்காதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். இனியா சாப்பிட்டாளா என்று கேட்டார்.

சனிக்கிழமை இனியாவையும் மோகனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் இருந்தது. ஆனால் ஞாயிறு என்று நம்பியிருந்த வெளியூர்க்காரர்கள் பாதிக்கு மேல் வரவில்லை என்று சொன்னார்கள். தேங்காய் உடைத்தார்கள். ராசு அண்ணன் கரைமேல் ஏறி, தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து ஒருமுறை வீசினார்.

அதன்பின் நான் கண்டதை எங்கள் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஊர் முழுக்கத் தண்ணீரில். அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தாவை மேலிருந்து அமுக்கி, உள்ளே கையை விட்டுத் துழாவினார்கள். கொசுவலை, பழைய சேலை, பிளாஸ்டிக் கூடை, எதிலும் மீன். செல்வம் காக்கிச் சட்டையோடு இறங்கி, ஒரு விராலைப் பிடித்து, அது வழுக்கிப் போய், மறுபடி பிடித்து, மறுபடி விட்டார். “அண்ணே, ஆட்டோவுக்கு ஆள் ஏத்துறப்பயும் இப்பிடித்தேனா?” என்று யாரோ கத்தினார்கள். இனியா சேற்றைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். அவள் சேற்றுக் கையை வாயில் வைத்துவிடாதபடி நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

பாண்டியம்மாளுக்கு ஒரு கட்லா கிடைத்தது. இனியாவின் எடையில் பாதி இருக்கும். இரண்டு கைகளாலும் அதைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து கரையைப் பார்த்தார். கரையில் மற்ற வீடுகளுக்கு வந்து சேர்ந்திருந்த மகள்கள் சிலர் வரிசையாக நின்றிருந்தார்கள். தாய்மார்கள் சேறும் தண்ணீருமாக ஏறிவந்து அவரவர் மகள் கையில் மீனைக் கொடுத்தார்கள். பாண்டியம்மாள் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே நின்றார். மீன் கையில் துள்ளிக்கொண்டிருந்தது. பிறகு அதைக் கூடையில் போட்டு, ஈரத்துணியால் மூடினார். நாளைவரை வைத்திருக்க முடியாது. அன்றைக்கே தீர்க்க வேண்டும்.

மதியம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டோம். மண்சட்டியில் மாங்காய் போட்ட குழம்பு. முள்ளில்லாத பகுதியைப் பிய்த்து, நசுக்கி, இனியாவுக்கு அவரே ஊட்டினார். நான் ஒவ்வொரு உருண்டையையும் மறுபடி நசுக்கிப் பார்த்தேன். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊட்டி முடித்ததும், “நல்லாச் சாப்புடுறா” என்று மட்டும் சொன்னார்.

மாலையில் மழை வந்தது. இடியோடு, காற்றோடு, மோகனா வீட்டுச் சந்து முழுவதையும் கழுவிவிடும் மழை. மோகனா மொட்டை மாடித் துணிகளை எடுக்க ஓடினார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய மழைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி கண்மாய்க்குப் போனேன். வானம் பளிச்சென்றிருந்தது. இழையை இறக்கினேன். சேறு வரைக்கும் ஆக்சிஜன் இருந்தது. நல்ல எண். குஞ்சு மீன்கள் சில ஓரமாக ஓடிக்கொண்டிருந்தன. மிதந்தது ஒன்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை கிண்டல் செய்த இளைஞன் கரையில் நின்றிருந்தான். “மழை வந்துருச்சுல்லக்கா. ஒரு நாள் பொறுத்திருக்கலாம்” என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. ராசு அண்ணன் அவனை அதட்டினார். கோடை மழை சேற்றைக் கிளறிவிட்டு மீனைக் கொன்றதையும் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். இருவர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். நூற்றுக்கணக்கான கால்கள் கலக்கிய தண்ணீர் அது. மீன்களும் இல்லை. அவை குடிக்கும் மூச்சும் அந்தக் கணக்கில் இல்லை. அந்த நல்ல எண்ணால் எதையும் நிரூபிக்க முடியாது. நான் சொன்னது சரியா என்று பார்ப்பதற்கு இருந்த ஒரே வழி, நான் சொல்லாமல் இருந்திருப்பதுதான்.

கிளம்பும்போது பாண்டியம்மாள் ஆட்டோ வரைக்கும் வந்தார். தனம் முந்தைய இரவு போனில் பேசினாளாம். நாங்கள் வரக் கூடாது என்றுதான் தேதியை மாற்றினீர்கள், சம்பள நாள் என்று தெரிந்தே வைத்தீர்கள் என்று மாப்பிள்ளை சொல்கிறாராம். மழை பெய்ததும் யாரோ சொல்லி அவர்களுக்குத் தெரிந்துவிட்டதாம். அதற்கப்புறம் தனம் போனை எடுக்கவில்லை.

“நா சொன்னா நம்ப மாட்டேங்குறா. நீ படிச்ச பிள்ள. மிஷினு வச்சுப் பாத்தவ. நீ ஒரு வார்த்த பேசு தாயி” என்றார்.

“என்னனு சொல்லட்டுங்க?” என்று கேட்டேன்.

“நடந்தத.”

தனத்தின் எண்ணை என் போனில் பதிந்துகொண்டேன். இனியாவின் கையில் அவர் ஒரு பிளாஸ்டிக் வளையலை மாட்டிவிட்டார். பேரனுக்கு வாங்கி வைத்திருந்த கிலுகிலுப்பையும் கூடவே வந்தது. அது வேண்டாங்க, அவன் வரும்போது கொடுங்க என்று திருப்பிக் கொடுத்தேன். அதை அவர் வாங்கிக்கொண்டது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஊர் திரும்பியதும் அந்த இழையைப் புதிய இழை ஒன்றோடு வைத்துச் சரிபார்த்தேன். கொஞ்சம் குறைத்துத்தான் காட்டுகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை கண்டதைப் பொய்யாக்கும் அளவுக்கு இல்லை, அதை உறுதியாக்கும் அளவுக்கும் இல்லை. பேராசிரியர் என்னைத் திட்டவில்லை. அறிக்கையில் அந்த நாளுக்கு எதிரே ஒரு குறிப்புப் போடச் சொன்னார். போட்டேன்.

தனத்தின் எண்ணை மூன்று நான்கு முறை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்திருக்கிறேன். ‘மீன் நிச்சயம் செத்திருக்கும், உன் அம்மாவுக்கு வேறு வழியே இல்லை’ என்று சொன்னால் அவள் சமாதானமாகலாம். ஆனால் அது எனக்குத் தெரியாத ஒன்று. ‘தாங்கியும் இருக்கலாம், நான் பயந்து சொல்லிவிட்டேன்’ என்று சொன்னால் அது உண்மை. அதைக் கேட்டு அவள் கணவர் என்ன சொல்வாரோ. ‘நடந்தது நடந்துவிட்டது, இனி நடப்பதைப் பார்ப்போம்’ என்றும் சொல்லலாம். அதையொத்த ஒரு பதில் எனக்குப் போதவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். இப்போது அதே வார்த்தைகள்தான் என் வாயிலும் வருகின்றன. அந்த மருத்துவருக்கும் அன்றைக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லையோ என்னவோ.

இனியா பக்கத்தில் தூங்குகிறாள். நெஞ்சு ஏறி இறங்குகிறது. அந்த வளையல் இப்போது அவளுக்கு இறுக்கமாகிவிட்டது.

இதைப் படிப்பவர்களில் மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்தவர்கள் இருப்பீர்கள். தாய்வீட்டோடு பேச்சு நின்றுபோன மகள்களும் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். முன்பின் தெரியாத ஒருத்தி ஒருநாள் போன் செய்து, உங்கள் அம்மா அன்று உங்களுக்காகக் கையில் மீனோடு தண்ணீரில் நின்றதைத் தான் பார்த்ததாகச் சொன்னால், நீங்கள் அவளிடம் முதலில் கேட்பது மீன்களைப் பற்றியதாக இருக்குமா? அப்படிக் கேட்டால் நான் என்ன பதில் சொல்லட்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். இந்த முறை மணி அடிக்கும்வரை காத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.